கோழிக்கும் செபமாலைக்கும் நடுவே

படப்பைப் பக்கம் ஐம்பதைத் தாண்டிய கத்தோலிக்கர் யாராவது "அந்தக் காலத்துல நாங்க எப்படிச் செபம் பண்ணுவோம் தெரியுமா?" என்று ஆரம்பித்தால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காராதீர்கள். பேச்சு நீளும். அந்தப் பேச்சை நானும் பேசுவேன் என்பதால் சொல்கிறேன்.

ஒரகடத்துக்குக் கம்பெனி வராத காலம் அது. ஏரித் தண்ணீரில் நெல். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையில் எப்போதாவது ஒரு பஸ். இருட்டியதும் ஊர் அடங்கிவிடும். செபத்துக்கு இடைஞ்சல் செய்ய டிவி கிடையாது, போன் கிடையாது, பாதி நாள் கரண்டும் கிடையாது.

ஆயா முட்டி போட்டுச் செபமாலையைத் தொடங்குவார். முன்னால் மூன்று, அப்புறம் ஐந்து பத்து, மொத்தம் 53 மங்கள வார்த்தை. முதல் பத்து பக்தியாகப் போகும். இரண்டாம் பத்தின் நடுவே, அதே ராகத்தில், மூச்சுக்கூட விடாமல், "ஏண்டா, கோழியக் கூடையில கவுத்தியா?" என்று கேட்பார். "கவுத்துட்டேன் ஆயா" என்று நானும் அதே ராகத்தில் சொல்வேன். செபம் அறுபடாது. மூன்றாம் பத்தில் அம்மாவுக்கு உலையின் ஞாபகம் வந்துவிடும். நான்காம் பத்தில், பொழுதெல்லாம் சேற்றில் நின்ற அப்பாவின் தலை சாயும். ஆனால் பதில் மட்டும் தூக்கத்திலேயே பிசகாமல் வரும். மாதா பிரார்த்தனையைப் பிள்ளைகள் நாங்கள் பந்தயமாக ஓட்டுவோம். அத்தனை நேரமும் இடம் மாறாமல் இருந்தது சுவர்ப் பல்லி ஒன்றுதான். அதன் குறியும் விட்டில் பூச்சிமேல்.

இதைத்தான் இன்று "குடும்பமே ஒருமனமாகச் செபித்த காலம்" என்கிறோம்.

எங்கள் வீட்டை மட்டும் சொல்லி என்ன? 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் அவிலா தெரசா மடத்துக்குள்ளேயே வாழ்ந்தவர். உலையும் கோழியும் அவர் தலையில் இல்லை. அவரே தன் வரலாற்றில், சில ஆண்டுகள் செபத்தில் இருப்பதைவிட அந்த ஒரு மணி நேரம் எப்போது முடியும், கடிகாரம் எப்போது அடிக்கும் என்றுதான் காது கொடுத்துக் கிடந்தேன் என்று எழுதியிருக்கிறார். திருச்சபை அவரைத் தள்ளிவைக்கவில்லை. 1970இல் மறைவல்லுநர் என்று அறிவித்தது. மார்ட்டின் லூத்தரிடம் அவருடைய நாவிதர் பீட்டர் எப்படிச் செபிப்பது என்று கேட்டார். 1535இல் அவருக்காகவே ஒரு சிறு நூல் எழுதிக் கொடுத்தார் லூத்தர். கத்தியைப் பிடித்துக்கொண்டு ஊர்க்கதை பேசும் நாவிதர் மூக்கையோ தொண்டையையோ அறுத்துவிடுவார், செபமும் அப்படித்தான் என்றார். ஆயா இருந்த வரைக்கும் லூத்தர் பேரை எங்கள் வீட்டில் எடுக்க முடியாது. கத்தி விஷயத்தை மட்டும் ஒப்புக்கொண்டிருப்பார்.

பிறகு காலம் மாறியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை, 2012இல் டெய்ம்லர் லாரி, 2013இல் புல்லட். நெல் விளைந்த இடத்தில் பிளாட் கல் முளைத்தது. கோயில் மணி காலை 6, பகல் 12, மாலை 6 என்று மூவேளை செபத்துக்கு அடிக்கும். ஷிப்ட் மாறுவது 6, 2, 10. ஒரு நாளைக்கு மூன்று தடவை என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. மணி ஓசை கேட்டதும் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும் என்று 6ஆம் நூற்றாண்டில் தன் துறவிகளுக்குச் சட்டம் எழுதினார் புனித பெனடிக்ட். அதை இன்று எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறவர்கள் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள்.

அண்ணன் மகனுக்கு பஸ்ட் ஷிப்ட், மருமகளுக்கு செகண்ட் ஷிப்ட். குடும்பம் ஒன்றுகூடுவது வாட்ஸ்அப்பில்தான். செபமாலை யூடியூபில் ஓடுகிறது. மூன்றாம் பத்தின் மறைபொருளுக்கும் நான்காம் பத்தின் மறைபொருளுக்கும் நடுவே வீட்டுமனை விளம்பரம் வருகிறது. இதற்கிடையில் 2002இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், ஒளியின் மறைபொருள்கள் என்று புதிதாக ஐந்தைச் சேர்த்துவிட்டார். பழைய பதினைந்தையே தூக்கத்தில் கடந்த குடும்பம் எங்களுடையது.

"டைமே இல்ல சித்தப்பா. ஓ.டி. முடிச்சிட்டு வந்து மாலையைத் தொட்டாலே கண்ணு சொருகுது" என்றான் அண்ணன் மகன்.

"உங்க தாத்தாவுக்கும் சொருகுச்சுடா. அவருக்கு ஓ.டி. காசுகூடக் கிடையாது" என்றேன்.

நேரம் இல்லாதவர்களுக்கு வழி சொன்னவர்கள் பழைய ஆட்கள்தான். சுமார் 412இல் புரோபா என்ற ரோமானிய விதவைக்குப் புனித அகுஸ்தினார் கடிதம் எழுதினார். எகிப்துத் துறவிகள் அடிக்கடி செபிப்பார்கள், ஆனால் எறிந்த ஈட்டி மாதிரி மிகச் சுருக்கமாக. நீட்டினால் கவனம் மழுங்கிவிடும் என்பதற்காக, என்றார். பெனடிக்ட் சட்டமும் செபம் சுருக்கமாக, தூய்மையாக இருக்கட்டும் என்றே சொல்கிறது. பைபிளில் நெகேமியா அர்த்தக்சஸ்தா அரசனின் பானபாத்திரக்காரர். அரசன் "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்கும் தன் பதிலுக்கும் நடுவில் நெகேமியா செபித்துவிடுகிறார். சூப்பர்வைசர் கேள்விக்கும் நம் பதிலுக்கும் நடுவில் அதைவிட அதிக நேரம் கிடைக்கும். 1992இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2729ஆம் பத்தியில், சிதறும் எண்ணங்களைத் துரத்திப் பிடிக்கப் போனால் அவற்றின் வலையிலேயே விழுவோம், மனத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்கிறது. ஆயா செய்தது ஏறக்குறைய அதுதான். கோழியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார், உடனே மாதாவிடம் திரும்பிவிடுவார். அந்த வீட்டில் செபம் தெரிந்தவர் அவர் ஒருவரே.

ஆகவே ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பஸ் ஏறியதும் ஒரே ஒரு பத்து சொல்லுங்கள். மனம் டார்கெட்டுக்கு ஓடினால் திட்டாமல் கூட்டி வாருங்கள். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம். போனைப் பைக்குள் போடுங்கள். டவுன் பஸ்ஸில் சீட் கிடைக்காவிட்டால் இன்னும் நல்லது. நின்றுகொண்டு தூங்குவது கஷ்டம்.