பெட்டிக்கு இன்று ஏப்ரல் முதல் தேதி

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாழ்நாள் வரைபடப் பிரிவு, பெயர் சொல்ல விரும்பாத ஜிபிஎஸ் கம்பெனி.
தேதி: 15.11.2025 (தங்கள் பெட்டியின்படி 01.04.2006)
பொருள்: காரில் பொருத்திய ஜிபிஎஸ் பெட்டிக்கு அப்டேட் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேலே இரண்டு தேதி இருப்பதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். தங்கள் பெட்டியை மதிப்பவன் என்பதால் அதன் தேதியையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன்.

விஷயம் தாங்கள் அறியாததல்ல. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் வாரத்தை எண்ணித்தான் தேதி சொல்கின்றன. 1023 வரை எண்ணியதும் மறுபடி பூஜ்யம். அப்படிக் கடைசியாகப் பூஜ்யமானது 2019 ஏப்ரல் 6ஆம் தேதி நள்ளிரவில். பல வருஷம் முன்பே ஊரறிந்த சேதி இது. மற்றவர்கள் முன்கூட்டியே மென்பொருளைத் திருத்தி அனுப்பிவிட்டார்கள். தாங்கள் பதறவில்லை. அன்றிரவு 1999க்குப் போன என் பெட்டி, அங்கிருந்து நிதானமாக நடந்து இப்போது 2006க்கு வந்திருக்கிறது. சரியாக 1024 வாரம் பின்னால் இருப்பதால் கிழமை மட்டும் தப்புவதில்லை. ராகுகாலம் பார்த்து வண்டி ஏறும் என் மாமியாருக்கு அது போதும்.

அவரை மதுரை பஸ் ஏற்றிவிடக் குரோம்பேட்டையிலிருந்து கிளம்பினோம். வெளியூர் பஸ் நிலையம் என்று தட்டினால், பெட்டி வடக்கே கோயம்பேட்டுக்குத் திரும்பச் சொன்னது. தென்மாவட்ட பஸ்கள் கிளாம்பாக்கத்துக்குப் போன கதை அதற்குத் தெரியாது. நான் தெற்கே போகப் போக, 'முடிந்தவரை சீக்கிரம் யு-டர்ன் எடுக்கவும்' என்று வண்டலூர் வரை கெஞ்சிக்கொண்டே வந்தது. யோசித்தால் பெட்டியின் மேல் குற்றமில்லை. கிளாம்பாக்கம் நிலையம் திறந்தது 2023 டிசம்பர் 30. 2006இல் வாழும் ஒரு கருவி அதை எப்படி அறியும்? தேதியும் வரைபடமும் இவ்வளவு ஒற்றுமையாகப் பழசாக இருப்பதை வேறெந்தக் கம்பெனியிடமும் நான் கண்டதில்லை.

இதை வாங்கியது 2016இல், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில். 'லைஃப்டைம் மேப் ஃப்ரீ சார்' என்றார் கடைக்காரர். அட்டைப்பெட்டியிலும் தங்கக் கலரில் அதே வாசகம். மாட்டிய பையன், தீப்பெட்டி அளவு இருக்கும் ஆன்டெனாவை டேஷ்போர்டுக்குள் ஒரு தகரத் தகட்டுக்கு அடியில் ஒட்டி, 'வயர் வெளிய தெரியாது சார், நீட்டா இருக்கும்' என்றான். நீட்டாகத்தான் இருந்தது. வானத்துக்கும் அது தெரியவில்லை. பிறகு அதைப் பிடுங்கி முன்கண்ணாடியின் ஓரத்துக்கு மாற்றினேன். தெரு பெயர்களை வாசிக்கும் அம்மணியைப் பற்றிப் புகார் ஏதுமில்லை. டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையை 'டிரைவ் ராதாகிருஷ்ணன் சாலை' என்பார். படித்தவர், காரணம் இருக்கும்.

ஐயா, 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் எனக்குச் சல்லிக்காசு வாங்காமல் நேரமும் இடமும் சொல்கின்றன. ராணுவத்துக்காகச் செய்தவர்கள், பொதுமக்களுக்கு வேண்டுமென்றே கலந்துவைத்த பிழையைக்கூட 2000 மே மாதம் நீக்கிவிட்டார்கள். அத்தனை தூரமும் இலவசமாக வந்து சேரும் சேவை, தங்கள் பெட்டிக்கும் என் கம்ப்யூட்டருக்கும் நடுவே கிடக்கும் ஒரு முழ கேபிளில் வந்து சிக்கிக்கொள்கிறது.

அந்த கேபிளைச் செருகினால் முதலில் தங்கள் மென்பொருள் தன்னையே அப்டேட் செய்துகொள்கிறது. அப்புறம் பதிவு, பாஸ்வேர்ட், பெட்டியின் முதுகில் எறும்பு எழுத்தில் உள்ள சீரியல் நம்பர். அது பூஜ்யமா 'ஓ'வா என்பதில் எங்கள் வீட்டில் இரு கட்சி. எல்லாம் தாண்டி இரவு முழுக்க டவுன்லோடு ஆனதும், 'பெட்டியில் இடம் போதாது' என்ற அறிவிப்பு. மெமரி கார்டு வாங்கினால், 32 ஜிபிக்கு மேல் பெட்டி தொடாதாம். சின்னதாக மாற்றி வாங்கினேன். 97 சதவீதத்தில் கரண்ட் போனது. அது மின்வாரியத்தின் பங்கு, தங்கள் மேல் போட மாட்டேன்.

போனில்தான் இலவசமாக வழி வருகிறதே, இதை ஏன் கட்டி அழுகிறாய் என்று கேட்காதவர் இல்லை. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலைக்கு 70. அங்கே பாதி வழியில் போனில் டவர் போய்விடும். முழு வரைபடத்தையும் வயிற்றில் வைத்திருக்கும் தங்கள் பெட்டிக்கு டவர் வேண்டாம். தலைக்கு மேலே நாலு செயற்கைக்கோள் போதும். அந்த ஒரு நன்றிக்காகத்தான் இதைத் தூக்கிப் போடாமல் தங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கஸ்டமர் கேரில் பேசிய தங்கை மிகுந்த மரியாதையோடு, 'உங்க மாடலோட லைஃப்டைம் முடிஞ்சிடுச்சு சார், புது மாடலுக்குத் தள்ளுபடி இருக்கு' என்றார். கண்ணெதிரே விளக்கெரிந்து, யு-டர்ன் எடு என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் ஜீவனுக்கு எப்படி ஐயா பால் ஊற்றுவது? வாரண்டி கேட்டேன். அதுவும் 2017இலேயே முடிந்ததாம்.

இங்கேதான் தங்கள் கணக்கு உதைக்கிறது. பில்லில் உள்ள தேதி 2016. தங்கள் பெட்டி, செயற்கைக்கோள் சாட்சியாகச் சொல்லும் தேதி 2006. அதன்படி நான் இந்தப் பெட்டியை இன்னும் வாங்கவே இல்லை; வாங்கப் பத்து வருஷம் பாக்கி இருக்கிறது. எனவே என்னிடம் முன்கூட்டியே வசூலித்த தொகையை, அட்வான்ஸாகக் கருதி, வட்டியோடு திருப்பித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வருங்கால வாடிக்கையாளர்.

இணைப்பு: 2016ஆம் ஆண்டு பில்லின் நகல்.