நாய் என்றொரு கிளாஸ்

ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங் புத்தகம் எதைப் புரட்டினாலும் முதல் கிளாஸ் 'விலங்கு', அதன் வாரிசு 'நாய்'. வன்னியம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளும் அதையேதான் தட்டுகிறார்கள். ஆப்ஜெக்டுக்குப் பெயர் டாமி. இத்தனைக்கும் ராஜபாளையம் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த ஊர் நாய்க்கு 2005 ஜனவரியில் அஞ்சல் துறை தபால்தலையே வெளியிட்டது. தலைமுறை தலைமுறையாக வரும் வெள்ளை உடம்பையும் ரோஸ் மூக்கையும் விடவா இன்ஹெரிட்டன்ஸுக்கு உதாரணம் வேண்டும்?

யூனிட் டெஸ்ட் ஒன்றே ஒன்று: குரைக்கச் சொன்னால் 'லொள்' வருகிறதா? வரும், பச்சை விளக்கும் எரியும். தெரியாத ஆளை வாசலில் விடுமா என்று யாரும் டெஸ்ட் எழுதுவதில்லை. அதைக் கொரியர்காரர் தினமும் நேரில் நடத்திப் பார்க்கிறார்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்' என்ற வெர்ஷன் கன்ட்ரோல் கருவியைக் கொண்டுவந்ததும் அதே 2005-இல்தான், ஏப்ரலில். இங்கே இன்னமும் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'ஃபைனல் சார் பார்த்தது' என்றே ஃபோல்டர்கள் குட்டி போடுகின்றன. கிட் படித்தவர்கள் ஒருபடி மேல். கமிட் மெசேஜில் 'சேஞ்சஸ்', அடுத்து 'சேஞ்சஸ் 2'. வைவாவுக்கு முந்தின ராத்திரி ஒரு புண்ணியவான் ஃபோர்ஸ் புஷ் அடித்து மற்றவர்கள் வேலையைத் துடைத்துவிடுவார். அப்புறம் யாரோ ஒருத்தியின் பென்டிரைவில் கிடக்கும் 'ஃபைனல் புதுசு'தான் மானத்தைக் காப்பாற்றும். மார்க்கும் விழும், வெர்ஷன் கன்ட்ரோலுக்கு.