257 கிராம்

முதல் கேள்வியே எடைதான். புதுக் கேமராவை நீங்கள் ஆசை ஆசையாக எடுத்துக் காட்டுவீர்கள். படம் எப்படி விழுகிறது, எவ்வளவு ஆச்சு, மும்பை ஃபோர்ட்டில் வாங்கினதா ஆன்லைனிலா, ஒன்றும் கேட்கமாட்டார். உள்ளங்கையில் வாங்கி, கண்ணை மூடி, இரண்டு தரம் மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார். "முந்நூறைத் தாண்டும் போலிருக்கே" என்று திருப்பிக் கொடுப்பார். குரலில் துக்கம் விசாரிக்க வந்தவரின் கனிவு இருக்கும். அதன் பிறகு அந்தக் கேமரா உங்களுக்கே கொஞ்சம் கனக்க ஆரம்பித்துவிடும்.

ஞாயிறு விடிகாலையில் பன்வெல் லோக்கலுக்கு நிற்கிற எந்த ட்ரெக் கும்பலிலும் இவர் உண்டு. முழங்காலோடு ஜிப் போட்டுக் கழற்றும் பேண்ட், கழுத்தில் விசில், இடுப்பில் கேமராவுக்கென்றே தைத்த காலிப் பை. நான் யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. சான்பாடாவில், எங்கள் கட்டடத்தில், நான்காவது மாடியில் குடியிருக்கும் ஒருவர் இது தன்னைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

எடை என்றால் ஒரே எடை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அவருக்கு எடை இரண்டு. பேட்டரியும் கார்டும் போட்ட எடை, போடாத எடை. சர்க்கரைக்காரர்கள் வெறும் வயிற்றில் இவ்வளவு, சாப்பிட்ட பின் இவ்வளவு என்று சொல்வது மாதிரி இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வார். ரிக்கோ ஜிஆர் 3: போட்டால் 257, போடாவிட்டால் 227. சோனி ஆர்எக்ஸ்100 ஏழாவது: 302, 275. தண்ணீருக்குள் போட்டாலும் சாகாத ஒலிம்பஸ் டிஜி-6: போட்டு 253. ஃபூஜி எக்ஸ்100-6 என்று நீங்கள் வாய் தவறிச் சொல்லிவிட்டால், "521! அதுக்குத் தனியா ஒரு ஆள் வேணும்" என்பார். மணிக்கட்டில் மாட்டுகிற வாரின் எடையை ஒரு கம்பெனியும் போடுவதில்லை என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை.

கிராம் கிராமாக இப்படிக் கணக்குப் பார்க்கிறவரின் ரக்சாக்கில் என்ன இருக்கும்? மாட்டுங்காவில் வாங்கிய நேந்திரங்காய் சிப்ஸ் முக்கால் கிலோ. எவர்சில்வர் அடுக்கில் புளியோதரை, தயிர்சாதம். ஃப்ளாஸ்கில் காபி, இன்னொரு ஃப்ளாஸ்கில் வெந்நீர். டார்ச்சு மூன்று. மடக்கு முக்காலி ஒன்று. இடுப்புக்கு மேலே முன்பக்கமாக அவர் நிரந்தரமாகச் சுமக்கும் பத்துக் கிலோவை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வீட்டில் என்னையும் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

துவரம்பருப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

பாக்கெட்டில் 257 கிராம் கிடந்தால் ஏறும்போது எப்படி இருக்கும், 302 கிடந்தால் எப்படி இருக்கும் என்று படித்துத் தெரிந்துகொள்ள முடியாதாம், பட்டுத்தான் தெரியவேண்டுமாம். கேமராவை இரவல் கேட்டுப் பார்த்தார், யாரும் தரவில்லை. பனியா கடையில் போய் நின்று துவரம்பருப்பு 257 கிராம் என்றார். கடைக்காரர் கால் கிலோவாகப் போட்டுவிடட்டுமா என்று கேட்டார். "ஏழு கிராம் குறைஞ்சா அது ரிக்கோ இல்லை" என்று இவர் இந்தியில் சொன்னபோது நான் பக்கத்தில் பால் பாக்கெட்டோடு நின்றிருந்தேன். பருப்பைப் பழைய சோப்பு டப்பாவில் கொட்டி, டேப் ஒட்டி, மேலே மார்க்கரால் 'ஜிஆர் 3' என்று எழுதினார். இன்னொரு டப்பாவில் 302, அது 'சோனி'. இரண்டையும் மாற்றி மாற்றி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு கர்னாலா கோட்டைக்கு வந்தார். கட்டைவிரலை நீட்டியது மாதிரி ஆகாயத்தில் நிற்கும் அந்தப் பாறையை ஊரே அண்ணாந்து பார்க்க, இவர் மட்டும் நடுவழியில் குந்தி ரிக்கோவைக் கழற்றி சோனியை மாட்டிக்கொண்டிருந்தார். தேனீ கலைந்தால் ஓடவேண்டிய இடம் அது. "நாற்பத்தஞ்சு கிராம் வித்தியாசம் தொடையில தெரியுதுப்பா" என்றார்.

அடுத்த மாதம் பிரபல்மாச்சி. காலாவந்தின் ஏறி இறங்கி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பசி உயிரை வாங்கியது. வழக்கமாகச் சாப்பாடு போடும் வீட்டில் பாக்ரி இருக்கிறது, தொட்டுக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை என்றார் அந்த அம்மா. எல்லோரும் இவர் இடுப்பையே பார்த்தோம். கொஞ்ச நேரம் தயங்கினார். பிறகு சோனியைக் கொடுத்தார். ரிக்கோவைக் கொடுக்க மனசு வரவில்லை. நல்ல பருப்பு. பூண்டு தட்டிப் போட்டு அந்த அம்மா செய்து கொடுத்தது இன்னும் நாக்கில் நிற்கிறது. ஆர்எக்ஸ்100 வரிசையில் அதைவிடச் சிறந்த ஒன்றை நான் கண்டதில்லை.

சிரித்துவிட்டேனே தவிர, மனிதர் சொல்வதில் தப்பு கிடையாது. அதுதான் தொல்லையே. சஹ்யாத்ரியில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை. நனையாத கேமரா வேண்டும் என்றால் டிஜி வகைதான்: 15 மீட்டர் ஆழம், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் பிழைக்கும். ஆனால் உள்ளே இருக்கும் சென்சார் சுண்டுவிரல் நகம் அளவுதான், மேகம் மூடிய பள்ளத்தாக்கைப் படம் எடுத்தால் குழம்பிப் போகும். படம் நன்றாக விழவேண்டும் என்றால் ரிக்கோ. சென்சார் பெரியது, ஒரே கையால் இயக்கலாம், மற்றக் கை பாறையில் இருக்கலாம். ஆனால் மழைக் காப்பு கிடையாது, தூசி உள்ளே புகுந்துவிடுகிறது என்று வாங்கினவர்கள் புலம்புகிறார்கள், ஜூமும் இல்லை. ஜூம் வேண்டும் என்றால் சோனி. நனையவும் கூடாது, கீழே விழவும் கூடாது. எல்லாவற்றையும் தாண்டினால் மும்பைப் புழுக்கத்தில் லென்சில் பூஞ்சை. இவ்வளவும் அவருக்குத் தெரியும். தெரிந்த காரணத்தால் எதையும் வாங்கமாட்டார்.

2012-இல் ஆர்எக்ஸ்100 முதலாவது வந்தது. "திரை மடங்கலையே" என்றார். 2013-இல் இரண்டாவது, திரை மடங்கியது. "கண் வெச்சுப் பார்க்க வ்யூஃபைண்டர் இல்லையே." 2014-இல் மூன்றாவது, வ்யூஃபைண்டர் வந்தது, ஜூம் 100-இலிருந்து 70 ஆகக் குறைந்தது. "பார்த்தியா?" நான்கும் ஐந்தும் வந்தன, போயின. 2018-இல் ஆறாவது, ஜூம் 200 வரை நீண்டது, லென்சின் வெளிச்சம் குறைந்தது. அதற்குள் ஜிஎஸ்டி வந்துவிட்டது. டிஜிட்டல் கேமராவுக்கு 28 சதவீதம். "குறையட்டும், வாங்கறேன்." 2019 ஜனவரியில் 18 ஆகக் குறைத்தார்கள். நிதியமைச்சகமே இவருக்காக இறங்கி வந்த மாதிரி எங்களுக்கெல்லாம் பெருமை. அதே வருஷம் ஏழாவதும் வந்தது. இப்போது எட்டாவதற்காகக் காத்திருக்கிறார். முதலாவது வந்தபோது ஆறாம் வகுப்பில் இருந்த அவர் பையன் ஐரோலியில் வேலைக்குப் போகிறான்.

ஒருநாள் கல்சுபாய்க்குக் கசாரா லோக்கலில் போகும்போது பொறுக்கமாட்டாமல் சாமர்வெல் கதையைச் சொன்னேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர் ஆஸ்பத்திரியை அறிந்தவர்களுக்கு டாக்டர் ஹோவார்ட் சாமர்வெல்லைத் தெரிந்திருக்கும். கத்தி பிடித்த நேரம் போக மலை ஏறியவர். 1924 ஜூனில் எவரெஸ்டில் ஆக்சிஜன் இல்லாமல் நார்ட்டனோடு ஏறினார். தொண்டை அடைத்து இவர் உட்கார்ந்துவிட, நார்ட்டன் 8,570 மீட்டர் சுமாருக்குத் தனியாகப் போய்த் திரும்பினார். சாமர்வெல் இறங்கியதும், அடுத்து ஏறவிருந்த மாலரிக்குத் தன்னுடைய கேமராவை இரவல் கொடுத்தார். சட்டைப் பைக்குள் மடங்கும் கோடாக் வெஸ்ட் பாக்கெட். மாலரியும் கூடப் போன இர்வினும் திரும்பவில்லை. மாலரியின் உடல் 1999-இல் கிடைத்தது. கேமரா அவரிடம் இல்லை. சாமர்வெல்லோ நெய்யூருக்கு வந்து வருஷக்கணக்காக நம் ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தார், பின்னாளில் வேலூரிலும். அந்தக் கேமராவும் அதற்குள் இருக்கும் பிலிமும் கிடைத்தால் எவரெஸ்ட் சரித்திரத்தையே திருத்தி எழுத வேண்டியிருக்கலாம். மாலரி அதை எடைபோட்டா வாங்கினார்? கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஏறினார்.

இவ்வளவையும் கண் கலங்கக் கேட்டார். டிட்வாளா தாண்டும்வரை பேசவில்லை. பிறகு மெதுவாக, "அது உறையோட எவ்வளவு இருந்திருக்கும்?" என்றார்.

இதுவரை சிரிப்பு. இனிமேல் சொல்வது சிரிப்பு இல்லை. இரண்டாவது மாடியில் ஒரு பெண், முதல் சம்பளம் வாங்கியிருந்தாள். மலைக்கு எடுத்துப்போகச் சின்னதாக ஒரு கேமரா வேண்டும், சிவப்பு நிறத்தில் கடையில் பார்த்தேன், அழகாக இருக்கிறது என்று லிஃப்டில் சொன்னாள். இவரும் லிஃப்டில் இருந்தார். அன்று ராத்திரி அவளுக்கு அட்டவணை போனது. மறுநாள் சென்சார் அளவு ஒப்பிட்ட படம். அடுத்த வாரம் மாடிக்கு வரவழைத்து, சிவப்பு என்பது வாங்கக் காரணம் ஆகாது என்று ஒன்றரை மணி நேரம் வகுப்பு. இந்த மாடல் பழசு, அந்த மாடல் ஓவர், இன்னொன்று வரப்போகிறது, பொறு. அந்தப் பெண் பொறுத்தாள். பிறகு ஒருநாள் காதில் ஜிமிக்கியோடு வந்தாள். கேமரா என்னாச்சு என்றேன். "ஆசையே போயிடுச்சு அங்கிள்" என்றாள். தான் வாங்காதது இவர் சொந்த விஷயம். வாங்கிச் சந்தோஷமாகப் படம் எடுத்திருக்கக்கூடிய ஒரு குழந்தையின் கையைக் கட்டிப்போட இவருக்கு என்ன உரிமை? இதை அவரிடம் நேரே சொன்னேன். "ஜிமிக்கி எத்தனை கிராம்னு கேட்டியா?" என்றார்.

ஆனாலும் இவர் இல்லாமல் மலைக்குப் போகத் துணிச்சல் வருவதில்லை. தானே ஸ்டேஷனில் வண்டி மாறுவது, கசாராவில் ஜீப் பிடிப்பது, பாரி கிராமத்தில் எந்த வீட்டில் போஹா நன்றாக இருக்கும் என்பது, எல்லாம் அவர் பொறுப்பு. காலாவந்தினில் பிடித்துக்கொள்ளக் கம்பியில்லாத அந்த வெட்டுப்படிகளில் ஒவ்வொரு ஆளையும் மலைப்பக்கமாக ஏற்றிவிட்டு, பள்ளத்துப் பக்கம் தான் நின்றுகொள்வார். என் மனைவி என்னைவிட அவரைத்தான் நம்பி ஏறினாள்.

மேலே போனதும்தான் ஆபத்து. 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரி எவரெஸ்ட் உச்சிக்குக் கொண்டுபோனது செகண்ட்-ஹேண்டில் வாங்கிய கோடாக் ரெட்டினா. அதில் டென்சிங்கை எடுத்தார். ஹிலாரியைத்தான் யாரும் எடுக்கவில்லை. கேமரா வைத்திருந்தவருக்குச் சிகரத்தில் ஒரு படம் கிடையாது. கேமரா இல்லாத நம்மவருக்கோ படத்துக்குக் குறைவே கிடையாது. எல்லாம் என் போனில். கல்சுபாய் உச்சியில், 1,646 மீட்டரில், கோயில் வாசலில் நின்று ஒரு படம், சுற்றிக்கொண்டு வந்து ஒரு படம், ஏணியில் கால் வைத்து ஒரு படம். ஏணிக்குக் கீழே பூனாவிலிருந்து வந்த பள்ளிக்கூடமே வரிசையில் நிற்கும். "ஹொரைசன் சாயுது, திரும்ப எடு."

இறங்கி வீடு சேர்ந்து குளிப்பதற்குள் செய்தி வந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பாதே, தரம் போய்விடும். டிரைவில் ஒரிஜினலாகப் போடு. போட்டால் அடுத்த செய்தி: மூலைகளில் ஷார்ப்னஸ் இல்லை, நிழலில் நாய்ஸ் வருகிறது, போன் போன்தான்.

வருகிற ஞாயிறு ஹரிஹர். போனில் இடம் காலி பண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.