குடத்துக்கு வெளியே நின்றவர்கள்

உத்திரமேரூர் வட்டார வாசகர்கள் இம்முறை புரட்சியையும் போராட்டத்தையும் பற்றியே கேட்டிருக்கிறார்கள். நேராகப் பதிலுக்குப் போவோம்.

*திருப்புலிவனம் வாசகர்: உலகின் முதல் ஜனநாயகம் நம் உத்திரமேரூர்தானே?*

முதல் என்று சொல்ல முடியாது. ஏதென்ஸ்காரர்கள் அதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே சீட்டுக் குலுக்கி அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். குடவோலை பற்றிய குறிப்பு அகநானூற்றிலேயே உண்டு. திருநெல்வேலிப் பக்கத்து மானூர்க் கல்வெட்டு நம்முடையதைவிட ஒரு நூற்றாண்டு மூத்தது.

நம் ஊரின் பெருமை வேறு. தேர்தல் விதிகளை இவ்வளவு நுணுக்கமாகக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் நம்மவர்கள். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகள், அதாவது கி.பி. 919, 921. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பது என்னவென்று அறியாத சிறுவனை விட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். ஓலை மாற்றும் வேலைக்கு இடமே இல்லை. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. இந்த ஒரு விதியை இன்று சட்டமாக்கச் சொல்லி யாராவது போராட்டம் நடத்தினால், முதல் வரிசையில் எனக்கும் இடம் வையுங்கள்.

*மானாம்பதி கல்லூரி மாணவி: குடவோலையை "ஜனநாயகப் புரட்சி" என்று பேச்சுப் போட்டியில் பேசலாமா?*

வேண்டாம் அம்மா. அது யாரும் கிளர்ந்தெழுந்து வாங்கிய உரிமை அல்ல. அரசனின் அதிகாரி உடனிருக்க, ஒரு பிரமதேயத்தின், அதாவது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை தனக்குத்தானே வகுத்துக்கொண்ட ஒழுங்கு. வரி கட்டும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும், 35க்கு மேல் 70க்குள் வயதும் இருந்தால்தான் ஓலையில் பெயர் ஏறும். அந்த ஏரிக்கு மண் சுமந்தவர்களின் பெயர் ஏறவில்லை. நாற்று நட்ட பெண்களின் பெயர் ஏறவில்லை.

போட்டிக்கு நல்ல தலைப்பு ஒன்று தருகிறேன்: அந்தக் குடத்துக்கு வெளியே நின்றவர்கள் ஆயிரம் ஆண்டு கழித்து என்ன செய்தார்கள்? சான்றுக்கு உங்கள் பழைய செங்கல்பட்டு மாவட்டமே போதும்.

*பெருநகர் வாசகர்: பிரெஞ்சுப் புரட்சியில் எல்லோருக்கும் உரிமை கிடைத்துவிட்டதல்லவா?*

அறிவித்தார்கள், கொடுக்கவில்லை. 1789இல் மனித உரிமைப் பிரகடனம். 1791 அரசியல் சட்டத்திலோ, மூன்று நாள் கூலிக்குச் சமமான வரி கட்டும் ஆண்களுக்கு மட்டும் வாக்கு. பாரிசிலும் ஒரு கால் வேலி! 1789 அக்டோபரில் ரொட்டி கேட்டு வெர்சாய்க்கு நடந்துபோய் அரசனையே பாரிசுக்கு அழைத்து வந்தவர்கள் பெண்கள். பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலாம்ப் து கூஜ் 1793இல் கில்லட்டினுக்குப் போனார். பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944இல்.

*களியாம்பூண்டி வாசகர்: பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறியது நம் காஞ்சிபுரத்திலா?*

ஆம், 1925 நவம்பரில், தமிழ் மாகாணக் காங்கிரஸ் மாநாட்டில். அரசு வேலையிலும் சட்டசபையிலும் எல்லாச் சமூகத்தாருக்கும் அவரவர் பங்கு வேண்டும் என்ற தீர்மானத்தோடு வந்தார். தலைமை வகித்த திரு.வி.க. அதை எடுத்துக்கொள்ள அனுமதிக்கவில்லை. பெரியார் எழுந்து போனார். சில ஆண்டுகளாக மாநாட்டுக்கு மாநாடு தள்ளிப்போன தீர்மானம் அது.

அதே ஆண்டு டிசம்பரில் கான்பூரில் கூடிய முதல் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை சிங்காரவேலர். பின்னாளில் இந்த இருவரும் சேர்ந்து சமதர்மம் பேசினார்கள். தமிழ்நாட்டு வரலாற்றில் ஓர் ஆண்டைப் பொறுக்கச் சொன்னால் நான் 1925ஐத்தான் பொறுக்குவேன்.

*சாலவாக்கம் வாசகர்: மாநாடு போட்டுத் தீர்மானம் போட்டால் என்ன நடந்துவிடும்?*

அறுபது ஆண்டு பொறுத்தால் சட்டமாகும்! 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. தலைவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பெயருக்குப் பின்னால் சாதியைப் போடாதே என்றார்கள். இன்று தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலைப் புரட்டுங்கள், மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்றார்கள். தமிழ்நாடு 1989இல் சட்டம் போட்டது, டெல்லி 2005இல்தான் போட்டது. அந்த மாநாட்டில் உட்கார்ந்திருந்த எத்தனை பெண்கள் 1989ஐப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

*அதே வாசகர்: தெருப் போராட்டம் அரசியல் சட்டத்தை மாற்றியதுண்டா?*

உண்டு, சட்டம் நடைமுறைக்கு வந்த ஒன்றரை ஆண்டுக்குள்ளேயே. சென்னை மாகாண வகுப்புவாரி இடஒதுக்கீட்டு அரசாணை செல்லாது என்று 1950இல் உயர் நீதிமன்றமும் 1951இல் உச்ச நீதிமன்றமும் சொல்லின. தமிழ்நாடு கொதித்தது. 1951 ஜூனில் முதல் திருத்தம் வந்தது. இடஒதுக்கீட்டுக்கு வழிவிடும் 15(4) பிரிவு அதில் பிறந்ததுதான்.

*உத்திரமேரூர் வாசகி: பஞ்சமி நிலம் என்கிறார்களே, அதற்கும் நம் மாவட்டத்துக்கும் தொடர்பு உண்டா?*

தொடக்கமே இங்கேதான். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், 1891இல் இம்மாவட்டப் பறையர் மக்களின் நிலை பற்றி அறிக்கை எழுதினார். மிராசுதாரர் பிடி, கடன், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத வாழ்க்கை, எல்லாம் அதில் உண்டு. நிலம் கொடுத்தால்தான் மீட்சி என்றார். 1892இல் அரசாணை. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் அம்மக்களுக்கென ஒதுக்கப்பட்டதாகக் கணக்கு. அதுதான் பஞ்சமி நிலம். முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை.

வெள்ளைக்காரன் மனமிரங்கிக் கொடுத்தான் என்று மட்டும் இதை எழுதுவது நியாயமில்லை. அதே 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கியவர் இரட்டைமலை சீனிவாசன். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்துக்காரர். மனு, கூட்டம், பத்திரிகை என்று விடாமல் நெருக்கினார். பொதுச் சாலையிலும் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924இல் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930இல் அம்பேத்கரோடு லண்டன் வட்டமேசை வரை போனார். உத்திரமேரூரில் கல்வெட்டு பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளை அப்படியே கோழியாளத்துக்கும் கூட்டிப் போக வேண்டும்.

நிலம் என்ன ஆயிற்று? பெரும்பகுதி கைமாறிப் போனது. மாமல்லபுரம் அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்க மக்கள் இறங்கினார்கள், அம்பேத்கர் சிலை வைத்தார்கள், சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூடு. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். அரசு தன் ஆணையில் ஏற்கெனவே கொடுத்துவிட்ட நிலத்தைக் கேட்டதற்கு இரண்டு உயிர்.

*காஞ்சிபுரம் வாசகர்: ஏகனாபுரத்துக்காரர்கள் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போடுகிறார்கள். பலன் உண்டா?*

உங்கள் கேள்வியில் இருக்கும் சலிப்பு எனக்கில்லை. 2022இல் பரந்தூர் விமான நிலையத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பதின்மூன்று கிராமத்து நிலம், வயலும் ஏரியும் சேர்த்து. வேலை முடித்து வந்து இரவில் உட்கார்ந்து போராடிய ஊர் ஏகனாபுரம். 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூர்ச் சபையைப் புகழ்ந்தார். அதே மாவட்டத்தில் இன்று உயிரோடு இருக்கும் ஒரு சபை "வேண்டாம்" என்று சொன்னால் அதற்குக் காது கொடுப்பதுதானே முறை?

சட்டப்படி பார்த்தால் சிக்கல் இருக்கிறது. ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி 12 கிராம சபைகள் கூடி, பன்னிரண்டும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, திட்டம் நின்றது. அங்கே அவர்களுக்கு 2006 வன உரிமைச் சட்டம் துணை. நம் சமவெளி விவசாயிக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. கிராம சபையின் மறுப்புக்கு இங்கே தடுக்கும் வலு கிடையாது. அந்த வலுவைக் கேட்பதுதான் அடுத்த போராட்டம். அதுவரை ஒவ்வொரு தீர்மானமும் பதிவேட்டில் ஏறட்டும். 1929 தீர்மானங்களும் காகிதத்தில்தான் இருந்தன.

*உத்திரமேரூர் வாசகி (மீண்டும்): எங்கள் ஊரில் பஞ்சமி நிலம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?*

கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். அதோடு நிற்காமல் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். நிபந்தனை ஒப்படை பற்றிய பழைய குறிப்பு அதில் இருக்கக் கூடும். இரண்டிலும் சர்வே எண்களை ஒப்பிட்டால் எது யார் கைக்குப் போனது என்று தெரியவரும். வாய்மொழியாகக் கேட்டு அலைய வேண்டாம். தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும்; 30 நாளில் அவர் பதில் சொல்லியாக வேண்டும். வந்ததும் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.