வருமுன் காத்த நிர்வாகத்துக்கு ஒரு பாராட்டு மடல்

அனுப்புநர்: வார்டு வராந்தாவில் பாய் விரித்திருக்கும் நோயாளியின் உறவினர்.
பெறுநர்: செவிலியர்களைக் கட்டி மேய்க்கும் உயர் அலுவலர் அவர்கள், சென்னை.
பொருள்: நிரந்தரம் என்னும் நோய்க்கு மருந்து கண்டமை – பாராட்டு – தொடர்பாக.

ஐயா,

வேலை நிரந்தரமாகிவிட்டால் நர்சுகள் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று தாங்கள் நொந்துகொள்வதாக அறிந்தேன். இருக்கும். கூப்பிட்டால் நாற்காலியை விட்டு எழாத சிஸ்டரை நானும் பார்த்திருக்கிறேன். அவருக்கென்றே 17 ஏ, 17 பி என்று ஒழுங்கு நடவடிக்கை விதிகள் உண்டு. ஆனால் மெமோ, விளக்கம், விசாரணை, சாட்சி என்று யார் அலைவது? ஆளை நிரந்தரமாக்காமலே விட்டால் தொல்லை தீர்ந்தது. வருமுன் காப்போம் என்று ஊருக்குச் சொல்லும் துறையல்லவா!

2015-இல் நர்சுகளைத் தேர்வு வைத்து எடுத்தீர்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் நிரந்தரம் என்றீர்கள். 2017 நவம்பரில் அவர்கள் நிரந்தரம் கேட்டு, மருத்துவப் பணிகள் இயக்ககம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அரசாங்கத்தின் இரண்டு வருடத்தை வீட்டுக் காலண்டரில் எண்ணியது அவர்கள் பிழை. கொரோனாவில் 14,000 ரூபாய்க்கு வந்தவர்களை ஊரே கைதட்டி வணங்கியது. 2022 டிசம்பர் 31-உடன் போதும் என்று அனுப்பிவைத்தீர்கள். கைதட்டலுக்கு ஏது பணிப்பாதுகாப்பு?

போன மாதம் ஓர் அரசு மருத்துவமனையில் என் அத்தைக்குத் துணையிருந்தேன். இரவு டூட்டியில் இரண்டு சிஸ்டர்கள். ஒருவர் நிரந்தரம், ஒருவர் ஒப்பந்தம். டிரிப்ஸ் தீர்ந்தபோது இருவருமே ஓடிவந்தார்கள். எவர் எந்த ரகம் என்று விடியும்வரை பிடிபடவில்லை. காலையில்தான் தெரிந்தது. காய்ச்சலோடு நின்றும் லீவு கேட்கப் பயந்தவர் ஒப்பந்தம். ஊசிமருந்து இருப்பு இல்லை என்று ரெஜிஸ்டரில் தேதி போட்டு எழுதியவர் நிரந்தரம்.

சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று தாங்கள் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கியது.

ஒரே ஒரு விண்ணப்பம். இந்த மருந்தைத் தாங்களும் ஒரு வேளை அருந்திக் காட்ட வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம், தொகுப்பூதியம், நீட்டிப்பு அமைச்சர் மனம் வைத்தால். பிறகு அமைச்சர் ஆய்வுக்கு வந்து, "மருந்தெல்லாம் இருக்கிறதல்லவா?" என்று கேட்கும்போது தாங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று கேட்க ஆவல்.

இப்படிக்கு,
வராந்தாவில் தற்காலிகமாகத் தங்கியிருப்பவன்.

நகல்: வார்டு ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு.