அடிபட்டாலும் அழியாத கலை

தற்காப்பு கற்க வேண்டுமென்றால் சீனத்துப் பாரம்பரியக் குங்ஃபூ குருமார்களிடம்தான் கற்க வேண்டும். மேடையில் அரை நிமிடத்தில் மல்லாந்து விழுவார்கள். ஆனால் கலையின் மானத்துக்கு ஒரு கீறல் விழாது. இதைவிடப் பெரிய தற்காப்பு வேறு யாருக்குத் தெரியும்?

வெய் லெய் என்று ஒரு தாய்ச்சி குரு. உள்ளங்கையில் உட்கார்ந்த புறாவைக் கண்ணுக்குத் தெரியாத ஆற்றலால் பறக்கவிடாமல் நிறுத்தினார். தர்பூசணியின் தோல் அப்படியே இருக்க, உள்ளே சதையை மட்டும் கூழாக்கினார். இதையெல்லாம் காட்டியது சந்தைக் கூடாரமல்ல, சீன அரசுத் தொலைக்காட்சி. 2017 ஏப்ரலில் செங்டு நகரில் ஷு ஷியாவ்தோங் என்ற கலப்புச் சண்டை (எம்எம்ஏ) பயிற்சியாளர் அவர் எதிரே வந்து நின்றார். குரு கைகளை முன்னே நீட்டி நிதானமாக நிலை எடுத்தார். வந்தவர் நேரே புகுந்து முகத்தில் குத்தினார். இருபது நொடிக்குள் குரு தரையில். புறா திருப்பி அடிக்காது, வித்தியாசம் அவ்வளவுதான்.

உண்மையான தற்காப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பம். சீனத் தற்காப்புக் கலைகளின் அமைப்பான வூஷூ சங்கம் கண்டன அறிக்கை விட்டது. புறா வித்தையைக் கண்டித்து அல்ல, சண்டையைக் கண்டித்து. ஷுவின் வெய்போ சமூக ஊடகக் கணக்கு காணாமல் போனது. சென் ஷியாவ்வாங் என்ற மூத்த தாய்ச்சி ஆசானை இழிவாகப் பேசிய வழக்கில் 2019-இல் நீதிமன்றம் இழப்பீடு கட்டச் சொன்னது. ஏழு நாள் தொடர்ந்து மன்னிப்புக் கேள் என்றது. (ஷுவுக்கு வாய் நீளம்தான், மறுப்பதற்கில்லை.) அதிவேக ரயிலில் டிக்கெட் எடுக்கும் தகுதியும் போயிற்று. வர்மப் புள்ளி ஆசான் ஒருவரோடு மோத மனிதர் மெதுவான ரயிலில் சின்ஜியாங்குக்குப் போய், முகத்தில் சாயம் பூசிக்கொண்டு சண்டை போட்டு, ஒரு நிமிடத்துக்குள் ஜெயித்தார்.

மா பாவ்குவோ என்ற இன்னொரு தாய்ச்சி குருவைப் பாருங்கள். 2020 மே மாதம், 69 வயதில், ஐம்பதை ஒட்டிய ஒருவரோடு மோதி அரை நிமிடத்தில் மூன்று முறை விழுந்தார். மூன்றாம் முறை எழவில்லை. அதற்குச் சில மாதம் முன்பு, வேறொரு மோதலுக்குப் பிறகு, வீங்கிய கண்ணோடு காணொளியில் விளக்கம் தந்தவர் இவர்: தன் முஷ்டி எதிராளியின் மூக்கருகே முதலிலேயே போய்விட்டது, பாரம்பரிய முறைப்படி அங்கேயே நிறுத்திக்கொண்டார், ஆகவே ஜெயித்தது அவர்தான். எதிராளிக்குத்தான் தர்மம் தெரியவில்லையாம். 2020 ஜூலையில் வூஷூ சங்கம் 'மாஸ்டர்', 'தலைமைக் குரு' என்றெல்லாம் பட்டம் சூட்டிக்கொள்ளாதீர்கள் என்று வேண்டுகோள் விடுத்தது. கேள்வி கேட்டவனுக்கு ரயில் தடை, குருமார்களுக்கு வேண்டுகோள்.

(நாம் ரொம்பச் சிரிக்க வேண்டாம். போதிதர்மர் நம் காஞ்சிபுரத்திலிருந்து போய்ச் சீனர்களுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்று 2011-இல் 'ஏழாம் அறிவு' பார்த்துக் கைதட்டியவர்கள் நாம். அந்தக் கதைக்கு ஆதாரம் என்று நீட்டப்படும் யிஜின் ஜிங் நூல் 17-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.)

மந்திர ஆற்றல் என்ற புளுகுக்குச் சீனம் முன்பே விலை கொடுத்திருக்கிறது. 1900-இல், மந்திரம் ஓதினால் குண்டு துளைக்காது என்று நம்பவைக்கப்பட்ட பட்டிக்காட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டுப் படைகளின் துப்பாக்கிக்கு எதிரே பாய்ந்து செத்தார்கள். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில் சீனத்தின் தலையில் 45 கோடி டேல் வெள்ளி இழப்பீடு. அதன் பிறகாவது 1928-இல் நான்ஜிங்கில் குங்ஃபூக்காரர்களை மேடையேற்றி உண்மையாகவே மோதவிட்டார்கள். காயங்கள் கூடிப்போய்க் கடைசிச் சுற்றை நடத்தாமலே நிறுத்தினார்கள். அவர்களுக்குச் சோதித்துப் பார்க்கும் துணிவாவது இருந்தது. அடி வாங்கிப் பழகுகிற சான்டாவும் சீனத்துச் சரக்குதான். அதில் வளர்ந்த சாங் வெய்லி 2019-இல் ஷென்ஜெனில் 42 நொடியில் யூஎஃப்சி எம்எம்ஏ பட்டத்தைப் பறித்தார். அவர் கையில் புறா இல்லை.

குருவின் வகுப்பில் நடப்பது வேறு. சீடன் ஓரடி முன்வைத்து ஒரு குத்து விடுவான். விட்ட கையை அந்தரத்தில் அப்படியே வைத்திருப்பான். குரு அதைத் தட்டி, முழங்கையை மடக்கி, தொண்டையில் விரல் வைத்து, காலை வாரி முடிக்கும்வரை அந்தக் கை அங்கேயே இருக்கும். சீடன் விழுவதும் பாடத்தில் உண்டு. தெருவில் குத்துகிறவன் கையை உடனே இழுத்துக்கொள்வான், மறு கையாலும் குத்துவான். அவன் பாடம் படித்தவனல்ல.

இதே கூத்தை ஒரு மரக்கத்தியோடு நடத்தினால் அது பெண்களுக்கான தற்காப்பு வகுப்பு. இரவு வேலை முடித்துத் தனியே வீடு திரும்புகிறவளிடம் காசு வாங்கிக்கொண்டு, கத்தி பிடித்த மணிக்கட்டை எப்படித் திருகுவது என்று காட்டுகிறார்கள். அவள் நம்புவாள். நம்பியதால் ஓடாமல் நிற்பாள். கத்தியைக் கண்டால் கத்திக்கொண்டே ஓடு என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் அதற்கு மாதக் கட்டணம் வாங்க முடியாதே, அயோக்கியர்களா!