இளநீர் வேண்டாம், உட்காருங்கள்

எங்கள் புளியந்தோப்பு வீட்டில் விருந்தாளிகள் உட்காருவது அட்டைப்பெட்டிகளின் மேல். உள்ளே இருப்பது என் டயாலிசிஸ் தண்ணீர். இரண்டு லிட்டர் பையை ஒரு நாளைக்கு நான்கு தடவை வயிற்றில் இறக்கி, சில மணி நேரம் சுமந்து, வடித்துவிட வேண்டும். மாதச் சரக்கு வந்து இறங்கினால் ஹால் குடோன் ஆகிவிடும். மழைக்குத் தெருவில் தண்ணீர் ஏறினால் பெட்டிகள் கட்டிலுக்குப் போகும், குடும்பத் தலைவர் ஸ்டூலுக்கு. மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டத்தில், இந்தப் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதும் உண்டு. திட்டம் போட்டவர்கள் என்னைப் போன்றவர்களின் இடுப்பை யோசித்திருக்கிறார்கள்.

இடுப்பு தப்பியது, மாட்டிக்கொண்டது நாக்கு. ரத்தத்தில் பொட்டாசியம் 3.5-லிருந்து 5-க்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு ஐந்தரையைத் தாண்டும். நாள் முழுக்க எட்டு லிட்டர் இறக்கி வடித்தால் வெளியேறுவது ஏறக்குறைய 40 மில்லி ஈக்குவலண்ட். இரண்டு பெரிய இளநீரில் கிட்டத்தட்ட அவ்வளவும் திரும்ப உள்ளே வந்துவிடும்.

இதை யாரிடம் சொல்வது? நம் ஜனங்களின் பாசமே பொட்டாசியம்தான். அண்ணன் வந்தால் இளநீர், அத்தை வந்தால் சாத்துக்குடி, மச்சான் வந்தால் ஒரு சீப்பு வாழைப்பழம். "இன்னா மாமா, ஒரு இளநீ குடிச்சா இன்னா ஆயிடும்? ஒடம்புக்கு குளுமை" என்று தெருவே கேட்கிறது. ஆட்டுத்தொட்டி பக்கத்திலேயே இருப்பதால் ஆட்டுக்கால் சூப்புக்கும் குறைவில்லை. சம்பந்தி ஒருபடி மேலே போய், பிரஷருக்கு நல்லதென்று லோ சோடியம் உப்பு வாங்கி வந்தார். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரி உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பாள். பொட்டாசியத்தில் ஒரு பங்கு சாக்கடைக்குப் போகிறது. ருசி மொத்தமும் கூடவே போகிறது. நான் பேரனைக் கூப்பிட்டு முருங்கைக்கீரையின் ஆபத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வேன். அவன் செல்போனைப் பார்ப்பான். இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்பது வயிற்றுக்குள் இருக்கும் இரண்டு லிட்டர் ஒன்றுதான். மலச்சிக்கல் வந்தால் அதுவும் கேட்காது. குழாய் வழியே வடிய மறுக்கும்.

அதனால்தான் டாக்டரம்மா என்னைக் கண்டதும் முதலில் "மோஷன் போச்சா?" என்கிறார். வரிசையில் இருபது பேர் காது கொடுத்துக்கொண்டிருக்க, நாற்பது வருஷம் ஃபேக்டரியில் மேஸ்திரியாக அதட்டியவன் அதற்குக் கைகட்டிப் பதில் சொல்கிறேன். காரணம் இருக்கிறது. சிறுநீரகம் படுத்துவிட்டால் குடல்தான் கூடுதலாகப் பொட்டாசியத்தை வெளியேற்றும். அது அடைத்தால் வாழைப்பழத்தைக் கண்ணால் பார்க்காதவனுக்கும் அளவு ஏறும். பை மாற்றுவதில் ஒரு தடவை விட்டாலும், லோசார்ட்டன் மாதிரி சில பிரஷர் மாத்திரைகளாலும் ஏறலாம்.

இதில் பெரிய அநியாயம் ஒன்று உண்டு. வயிற்று டயாலிசிஸ்காரர்களில் பலருக்குப் பொட்டாசியம் குறைவதுதான் தொல்லை. பைத் தண்ணீரில் அது துளியும் இல்லாததால் ரத்தத்தில் இருப்பதை நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். அதே வரிசையில் உட்காரும் நண்பருக்கு அதே டாக்டரம்மா வாழைப்பழம் சாப்பிடச் சொல்கிறார். அவரும் என் எதிரிலேயே உரிக்கிறார். மனுஷன் நல்லவர், ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் பிடிப்பதில்லை.

பொட்டாசியம் ஏறினால் உடம்பு முன்கூட்டிச் சொல்லும் என்று நம்ப முடியாது. சில சமயம் நேராக இதயத்துடிப்பில்தான் கை வைக்கும். ஆகவே உறவுக்காரர்களே, டயாலிசிஸ்காரர் வீட்டுக்குப் போகுமுன் கடைசி ரிசல்ட் என்ன என்று போனில் கேளுங்கள். என் வீட்டுக்கு என்றால் ஓர் ஆப்பிள் போதும், அதிலும் பாதிதான் எனக்கு. பெட்டி மேல் மட்டும் மெதுவாக உட்காருங்கள்.